தின்தாராவுக்கு வர உகந்த மாதம்

தின்தாரா,
1999 மே 20

இஸ்ஸெல்முவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன் என்று எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன். இனி மரியாதை இல்லாததை எழுதுகிறேன்.

நுவாக்‌ஷாத்தில் வண்டி ஏறியதிலிருந்து இரண்டு நாள், பிரெய்ஹிம் ஓட்டிய பிக்கப்பின் பின்பக்கம் சர்க்கரை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தேன். கூட ஏழு ஆட்டுக்குட்டிகள். அவற்றில் ஒன்றுகூட என்னிடம், "அந்த வெயிலில் மனுஷன் போவானா?" என்று கேட்கவில்லை. நீ ஒருவன்தான் கேட்டாய்.

நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? நமக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். நவம்பரிலிருந்து மார்ச் வரை நீ வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாலைவனம் சுற்றுகிறாய். இந்த முறை அந்த ஐந்து மாதத்தில் நீ நம் வீட்டில் தூங்கியது பதினோரு நாள், நான் எண்ணினேன். சரி, அது உன் பிழைப்பு. இந்த வருஷமாவது கெத்னாவுக்கு என்னோடு தின்தாரா வா, பேரீச்சை பழுக்கிற ஆறு வாரம் எங்கள் தோப்பில் இரு, எல்லாப் பெண்களின் கணவர்களையும் போல நீயும் இரு என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினாய். பாலைவனத்தில் பிறந்தவன் பேசுகிற பேச்சா அது?

ஆகவே கோபித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. கோபித்து வந்த மனைவியைக் கணவன் நேரில் வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். அவளாகத் திரும்பினால் பிறகு அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு என்ன மதிப்பு? நானாக வரமாட்டேன். அப்பாவை நினைத்துக் கூச்சப்படாதே. மருமகன் வந்தால் மாமனார் விலகிக்கொள்வது நம் வழக்கம்தானே, அவர் உன் கண்ணில்கூடப் படமாட்டார்.

கெத்னா முடிவதற்குள் வா. அதுவரைதான் பொறுப்பேன்.

தெக்பர்

*

நுவாக்‌ஷாத்,
1999 ஜூன் 6

அன்புள்ள தெக்பருக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் குழாயை மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு பெந்தா உன்னைக் கேட்டாள்.

நீ எழுதியதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிலைமையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் அனல்காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியாததல்ல. வண்டியின் ரேடியேட்டர் போன வருஷமே ஒட்டுப் போட்டது. அக்ஜூஜ் தாண்டியதும் தார் ரோடு முடிந்துவிடும். நடுவழியில் நின்றுவிட்டால் நான் காய்ந்து கருவாடாகிவிடுவேன். இது ஒரு காரணம்.

இன்னொன்று, அலுவலகத்தில் எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டுக்கு எந்த மாதத்தில் வருவது உகந்தது என்று வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுத வேண்டும். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு இரண்டு வரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை: பகலில் இளவெயில், இரவில் போர்வை தேவைப்படும், மிகவும் உகந்தது. மார்ச், ஏப்ரல்: மணற்காற்று, கண்களைப் பாதுகாக்கவும். மே, ஜூன்: தவிர்ப்பது நல்லது. ஜூலை, ஆகஸ்ட்: கண்டிப்பாகத் தவிர்க்கவும். இதுவரை இவ்வளவு எழுதியிருக்கிறேன். உள்நாட்டுக் கணக்கு சரியாகக் கிடைக்கவில்லை. ஆகவே பிரெய்ஹிமிடம் ஒரு வெப்பமானி கொடுத்தனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள், ஜெர்மன் சாமான். காலையிலும் மதியத்திலும் நிழலில் தொங்கவிட்டுப் பார்த்து எழுதி அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

நவம்பரில் நாம் நிதானமாகப் பேசலாம். அப்போது காற்றும் நன்றாக இருக்கும்.

உன்
இஸ்ஸெல்மு

*

தின்தாரா,
1999 ஜூன் 19

இஸ்ஸெல்மு,

இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்.

பிரெய்ஹிம் வண்டியை நிறுத்தி, "மாப்பிள்ளை வீட்டிலேர்ந்து சாமான்!" என்று கத்தினான். அம்மா பாயை விரித்தாள். தூத்தூ அத்தை தொழுகையைக்கூடச் சுருக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சித்தி, பெரியம்மா, அவர்கள் மருமகள்கள் என்று பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். உடுத்திக்கொள்ள மெலஃபா வரும், வளையல் வரும், குறைந்தது ஒரு அத்தர் புட்டியாவது வரும் என்று பார்த்தார்கள். நான் அட்டைப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் கண்ணாடிக் குழாய்.

தூத்தூ அத்தை அதைத் தூக்கிப் பிடித்து, "ஏண்டி, இதக் கழுத்துல மாட்டிக்கறதா, காதுல மாட்டிக்கறதா?" என்றாள்.

"வெயில் எவ்வளவுன்னு காட்டும் அத்தை."

"அத வெளிய கால வச்சாலே காட்டிருமே! உம் புருஷனுக்கு வெயிலப் பாக்கணும்னா அவன வந்து பாக்கச் சொல்லு. வெயில் எங்கயும் போகாது, இங்கதான் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அழுதிருப்பேன். அதைப் பார்க்க அவர்களுக்கு ரொம்ப நாளாக ஆசை.

உன் கணக்கு: நேற்றுக் காலை 31, மதியம் 44. எழுதிக்கொள். இன்னும் வேண்டுமானால் என் கணக்கையும் சேர்த்துக்கொள். நவம்பரில் நீ வீட்டில் இல்லை. டிசம்பரில் எனக்குக் காய்ச்சல், நீ இல்லை. ஜனவரியில் என் தங்கையின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள், நான் தனியாகப் போய் தனியாக வந்தேன். மார்ச்சில் வந்தாய், மணற்காற்று என்று சொல்லி ஜன்னலை அடைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். எனக்கு உகந்த மாதம் எது என்று உன் கையேட்டில் ஒரு வரி உண்டா?

ஜூலை, ஆகஸ்ட் கண்டிப்பாகத் தவிர்க்கவும் என்றா எழுதுகிறாய்? இந்த நாட்டுக்காரன் எவனாவது அப்படி எழுதுவானா? வருஷம் முழுக்க ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற ஜனம் சொந்த மண்ணுக்குத் திரும்புகிற மாதம் அது. வேறு யாரோ எழுதியிருந்தால் தெரியாமல் எழுதிவிட்டான் என்று விட்டுவிடுவேன். நீ கடற்காற்றில் உட்கார்ந்துகொண்டு தெரிந்தே எழுதுகிறாய்.

நவம்பரில் பேசலாமாம். நவம்பரில் நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

தெக்பர்

*

நுவாக்‌ஷாத்,
1999 ஜூலை 2

தெக்பருக்கு,

அந்த வெப்பமானி பரிசு அல்ல. பரிசு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஒரு உதவி கேட்டேன், அதைக் கடைவீதிக்குக் கொண்டுபோய்விட்டாய்.

சரி, தவறுதான். இத்துடன் இரண்டு மெலஃபா, ஒரு கூம்பு சர்க்கரை, நல்ல பச்சைத் தேயிலை அனுப்பியிருக்கிறேன். நீலம் உனக்கு, பழுப்பு உன் அம்மாவுக்கு. தூத்தூ அத்தைக்கு ஒன்றும் அனுப்பவில்லை, அவருக்கு என் பெயர் இருக்கிறதே மென்றுகொள்ள.

நான் வெயிலுக்குப் பயந்தவன் அல்ல. நான் பிறந்தது கிணற்றுக்கு மூன்று நாள் தூரத்தில், ஒட்டகத்தின் நிழலில். ஆனால் நீ எந்த மாதத்தைச் சொன்னாலும் அந்த மாதம் எனக்கு ஏதோ ஒரு வகையில்... எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விடு.

ஒரு யோசனை சொல்கிறேன், கோபிக்காமல் படி. உன் தம்பி உன்னை அத்தார் வரை கொண்டுவந்து விடட்டும். நான் அத்தார் வரை வருகிறேன். அங்கேயிருந்து உங்கள் ஊர் நாற்பது கிலோமீட்டர்தானே, பெரும்பகுதி தூரம் நான் வந்ததாகத்தானே ஆகிறது? அங்கே என் நண்பன் வீட்டில் ஒரு ஆடு அடித்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, கௌரவமாக அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

பதில் எழுது.

இஸ்ஸெல்மு

*

தின்தாரா,
1999 ஜூலை 12

இஸ்ஸெல்மு,

அத்தார் சந்தையில் வந்து வாங்கிக்கொள்ள நான் என்ன மூட்டையா? யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று கேட்கிறாய். ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு இந்தத் தோப்பில் தலை பின்ன உட்கார்ந்து பார், யார் யார் என்னென்ன சொல்கிறார்கள் என்று தெரியும்.

கெத்னா தொடங்கிவிட்டது. நேற்று மட்டும் ஏழு வண்டி வந்தது. விடியுமுன் எல்லோரும் தோப்புக்குள் போய்விடுகிறோம். முதல் குலை எங்கள் மரத்தில்தான் பழுத்தது, இன்னும் பாதி மஞ்சள், பாதி கபிலம். பழத்தை வெண்ணெயில் தொட்டுத் தின்று, மேலே ஒரு கிண்ணம் புளித்த பால் குடித்துவிட்டு, ஓலைப்பந்தலுக்குத் தண்ணீர் தெளித்து அடியில் படுத்துவிடுகிறோம். மதியம் 46. உன் ஜெர்மன் சாமான் சொல்கிறது. யாரும் சாகவில்லை.

என் பெரியம்மா மகளின் கணவர் ஸுவேராத் இரும்புச் சுரங்கத்திலிருந்து ரயிலேறி, வண்டி மாறி வந்திருக்கிறார். என் தங்கை கணவர் காலில் கட்டோடு வந்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனிக் கூடாரம். மாமனார் மாமியார் கண்ணில் படாமல் பின்பக்கமாகப் போய்ப் பின்பக்கமாக வருகிறார்கள், பெண்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். உனக்காக அம்மா போட்ட கூடாரம் காலியாக நிற்கிறது. அதற்குள் ஆடுகள் படுத்திருக்கின்றன.

"தெக்பர் புருஷன் வந்துட்டானாமே!" என்று நேற்று தூத்தூ அத்தை உரக்கச் சொன்னாள். நான் எழுந்தே விட்டேன். பார்த்தால் கூடாரத்திலிருந்து கிடா ஒன்று எட்டிப் பார்த்தது. அத்தனை பேர் நடுவில் நான் எழுந்து நின்றேன், இஸ்ஸெல்மு. அதற்கு உன்னை மன்னிக்கமாட்டேன்.

இதில் அப்பா வேறு. இந்த மாதம் பிறந்ததிலிருந்து அவர் வீட்டில் இல்லை. கீழ்த்தோட்டத்தில் போய் இருக்கிறார். ஒரு மணி நேர நடை. போன வருஷம் வைத்த கன்றுகள், இடுப்பளவுகூட இல்லை, நிழலே கிடையாது. ஒரு ஓலைக் கொட்டகை. அம்மாவோடு ஏதோ மனஸ்தாபம் என்று ஊரில் பேசுகிறார்கள். அம்மா கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். எழுபது வயதில் இது என்ன வீம்போ.

ஆகஸ்ட் பத்து வாக்கில் வண்டிகள் திரும்பத் தொடங்கும். அதற்குள் நீ வராவிட்டால் என் மாமா அத்தாரில் காஜியிடம் போவார். அவர் என்னிடம் கேட்டுவிட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இங்கே விவாகரத்தான பெண் அழுதுகொண்டு உட்கார்வதில்லை, மேளம் கொட்டுவார்கள், வேறு ஆட்கள் கேட்டு வருவார்கள், அதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு மேளம் வேண்டாம். நீ வருவாயா மாட்டாயா, அதைச் சொல். வெயில், ரேடியேட்டர் என்று இன்னொரு சாக்கு எழுதினால் நான் படிக்காமல் அடுப்பில் போடுவேன்.

தெக்பர்

*

நுவாக்‌ஷாத்,
1999 ஜூலை 22

தெக்பர்,

இது நாலாவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். நீ அடுப்பில் போடுமுன் இதைப் படித்துவிடு.

மார்ச் முதல் வாரம் நான் ஆறு பிரெஞ்சுக்காரர்களோடு உங்கள் ஊர் ஆற்றுப்படுகை வழியாகப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. மணற்காற்று. பகல் இரண்டு மணிக்கு விளக்கு போட்டு ஓட்டினேன். படுகையின் நடுவில் பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை புதைந்துவிட்டது. பலகை வைத்தேன், தோண்டினேன், அசையவில்லை. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒருவர் நடந்து வந்தார். தலைப்பாகையை முகம் முழுக்கச் சுற்றியிருந்தார், கண்கூடச் சரியாகத் தெரியவில்லை. யாரோ கிணற்று ஆள் என்று நினைத்தேன்.

"யோவ் பெருசு, பாத்துக்கிட்டு நின்னா வண்டி தானா ஏறிடுமா? வந்து தோளக் குடு!" என்றேன்.

வந்து தோள் கொடுத்தார். வண்டி நகரவில்லை. எனக்கு ஆத்திரம். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் வேறு கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

"காலைல ஏதாச்சும் தின்னியா இல்லியா? புதுப்பொண்ணு கணக்கா தொட்டுத் தொட்டுப் பாக்குற! அழுத்துய்யா!"

அழுத்தினார். வண்டி ஏறியது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வண்டியின் மறைவில் உட்கார்ந்தேன். தலைப்பாகையை அவிழ்த்துத் தலையை உதறினேன். ரொட்டியும் மத்தி மீனும் இருந்தது, பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அவரிடம் நீட்டினேன். "இந்தா, தின்னு. வாயே தொறக்க மாட்டியா, ஊமையா நீ?"

அவர் வாங்கவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். இடது கை. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

அந்த விரல் எந்தக் கிணற்று உருளையில் போனது என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

நாலு வருஷமாக உன் அப்பா முன்னால் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தலை திறந்து நின்றதில்லை. என் குரல் அவர் காதில் விழுந்ததே இல்லை. முதன்முதலாக விழுந்தது இப்படி. அவர் என்னை வந்த உடனேயே கண்டுகொண்டிருப்பார், தெக்பர். நான் அவமானப்படக் கூடாது என்று வாயே திறக்காமல் வண்டியைத் தள்ளியிருக்கிறார். என் வாய் நிறைய மீன். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் திரும்பிப் புழுதிக்குள் நடந்துவிட்டார். நான் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டேன்.

ஏப்ரலில் நீ கெத்னா என்று சொன்னபோது என் கண்ணில் அந்தக் கை தெரிந்தது. வெயில் என்றேன். வேறு என்ன சொல்வது? நவம்பரிலும் வந்திருக்கமாட்டேன். எந்த மாதத்திலும் எனக்கு அந்த ஊருக்கு வர முகமில்லை.

இப்போது உனக்குத் தெரியும். காஜியிடம் போவதானால் போகட்டும். நான் தடுக்கமாட்டேன்.

இஸ்ஸெல்மு

*

தின்தாரா,
1999 ஜூலை 30

இஸ்ஸெல்மு,

படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உன்னை எதையாவது எடுத்து அடிக்க வேண்டும் போல் இருந்தது. இரண்டரை மாதம் என்னை இந்த ஊர் வாயில் போட்டுவிட்டு, ஒரு ரொட்டித் துண்டுக்காகவா?

நான் அப்பாவிடம் நேராகப் போய்க் கேட்க முடியாது, உனக்கே தெரியும். அவர் முன்னால் உன் பேச்சையே நான் எடுக்கக் கூடாது. ஆகவே தூத்தூ அத்தையிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் தரையில் உருண்டு சிரித்தாள். "புதுப்பொண்ணு கணக்காவா? எங்கண்ணனப் பாத்தா?" என்று சொல்லிச் சொல்லி மூச்சடைத்துப் போனாள். பிறகு கழுதையில் ஏறிக் கீழ்த்தோட்டத்துக்குப் போய்வந்தாள். திரும்பும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் கேட்டாளாம். அப்பா சொன்னது இது: "எந்த வண்டி? மார்ச் மாசக் காத்துல எவன் முகம் எவனுக்குத் தெரியுது? நான் யாரையும் பாக்கல."

"அப்ப எதுக்கு இந்தக் கொட்டாயில வந்து வேகுறே?"

"பசங்க கெத்னாவுக்கு வர்ற நேரம். ஊத்துக்குப் போற பாதை நம்ம வீட்டு வாசல் வழியாத்தான் போகுது. நான் அங்க உக்காந்திருந்தா அந்தப் பையன் எப்படி வருவான்? வந்துட்டுப் போகட்டும், அப்புறம் நான் வர்றேன்."

புரிகிறதா? மற்ற மருமகன்களுக்கு அவர் ஒரு சுவர் தள்ளி உட்கார்வார், போதும். உனக்காக ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறார். நீ வருவதற்கு வழி விட்டுவிட்டு அந்த மனிதர் இந்த மாதம் பூராவும் 47 டிகிரியில் கிடக்கிறார். உன் வெப்பமானியைக் கொட்டகையிலேயே மாட்டியிருக்கிறேன். நீ வராத வரை அவர் அங்கிருந்து எழமாட்டார். நேற்று தண்ணீர் கொண்டுபோன தம்பி அவர் வாய் குழறுகிறது என்று சொன்னான். உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம். தூக்கிவரப் பார்த்தோம், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டார்.

இனி எனக்காக வா என்று கேட்கமாட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான்.

தெக்பர்

*

தின்தாரா,
1999 ஆகஸ்ட் 10

தெக்பருக்கு, நுவாக்‌ஷாத்தில்,

உன் கடிதம் ஐந்தாம் தேதி காலையில் கிடைத்தது. பத்து நிமிஷத்தில் கிளம்பினேன். ரேடியேட்டர் நான் நினைத்த இடத்திலேயே போயிற்று. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெங்காய லாரியில் ஏறி, அத்தாரிலிருந்து ஒரு பெரியவரோடு ஒட்டகத்தில் வந்தேன். ஏழாம் தேதி மதியம் உங்கள் தோப்புக்குள் கால் வைத்தேன். எல்லோரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"அவ நேத்தே பிரெய்ஹிம் வண்டியில கிளம்பிட்டாளே!" என்றாள் தூத்தூ அத்தை. "ரெண்டு பேரும் வழியில பாத்துக்கலியா? அக்ஜூஜ் ரோட்டுல என்ன, கூட்டம் நெரிசலா?"

எதிரே நாலைந்து வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அதில் ஒன்றில் நீ இருந்திருக்கிறாய். நான் வெங்காயத்துக்கு மேலே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே மழை. மலையில் பெய்த தண்ணீர் படுகையில் இறங்கி, கரையோடு கரையாக ஓடுகிறது. இரண்டு பேரீச்சை மரம் போய்விட்டது. வண்டி எதுவும் போக முடியாது. கூடாரமெல்லாம் நனைந்துவிட்டதால் என்னை உங்கள் வீட்டிலேயே ஒரு பக்கம் படுக்க வைத்திருக்கிறார்கள். நீ போன அன்றே உன் அப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கோரைப்பாய் மறைப்பு. மூன்று நாளாக ஒருவர் இருமினால் மற்றவர் மூச்சை அடக்கிக்கொள்கிறோம்.

நேற்று அவர் தூத்தூ அத்தையைக் கூப்பிட்டு, நான் கேட்கும்படி உரக்கப் பேசினார். குரல் தளர்ந்திருந்தது. "தூத்தூ, விருந்தாளிகிட்ட சொல்லு. பொண்ணு தானா நடந்து போனான்னு ஊர்ல பேச்சு வரக் கூடாது. அவர்தான் வண்டி அனுப்பிக் கூட்டிக்கிட்டாரு, சாமான் எடுத்துட்டுப் போகத்தான் இப்ப வந்திருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லட்டும்."

நான் பாய்க்கு இந்தப் பக்கம் தலையை ஆட்டினேன், அவர் பார்க்க முடியாது என்பதைக்கூட மறந்து. அப்படியே சொல்லிவிட்டேன் எல்லோரிடமும். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். நீயும் அங்கே அப்படியே சொல்லிவிடு. உனக்கு ஒரு குறையும் வராது, உன் பெயரும் நிற்கும், என் முகமும் தப்பும்.

ஆற்றை நீந்திக் கடக்கிற ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். தண்ணீர் வடிந்ததும் வருகிறேன். ஆகஸ்டில் எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இஸ்ஸெல்மு

*

நுவாக்‌ஷாத்,
1999 ஆகஸ்ட் 16

இஸ்ஸெல்மு,

பிந்திவிட்டது. நான் வந்து இறங்கிய அன்றே பெந்தா வாசலில் நின்று கேட்டாள், "வீட்டுக்காரரு வந்து கூட்டிட்டு வந்தாரா?" என்று. "இல்ல, நானாத்தான் வந்தேன்," என்றேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். இதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். உன் அக்கா வீட்டிலும் கேட்டார்கள், அங்கேயும் அதையே சொன்னேன். அப்பா சொன்ன பொய் நல்ல பொய்தான். ஆனால் அது எனக்கு வேண்டாம். நான் செய்தது நான் செய்ததாகவே இருக்கட்டும்.

உன் மேல் ஆசை பொங்கி ஓடிவந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஐந்தாம் தேதி அப்பா இரண்டாம் முறை மயங்கி விழுந்தார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் வந்துட்டானா?" என்பது. நான் அங்கே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வரை அவர் அந்தக் கொட்டகையை விட்டு எழமாட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போய்விட்டால் அவர் யாருக்கும் வழிவிட வேண்டாம், வீட்டுக்கு வந்து படுக்கலாம். அதற்காகத்தான் வண்டி ஏறினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு நாளும் வழியெல்லாம் அழுதேன்.

ஆகவே உன் வீட்டுக்கு வந்திருக்கிறேனே தவிர, கோபம் தீர்ந்து வரவில்லை. நீ தின்தாரா வந்ததும் எனக்குத் தெரியும், வந்தாய் என்பதற்காக மனசு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதை மறைக்கவில்லை. மாமாவுக்குக் காஜியைப் பார்க்க வேண்டாம் என்று இன்று தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை, நான் மூன்று முறை தேடிவிட்டேன். காய்ச்சல் விட்டதா? சாப்பிடுகிறாரா? பேச்சு குழறுகிறதா, தெளிந்துவிட்டதா? மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அவர் இருமுவதை மட்டும் எழுதியிருக்கிறாய். குரல் தளர்ந்திருந்தது என்கிறாய். ஏன் தளர்ந்திருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்த்தாயா?

தூத்தூ அத்தையிடம் கேட்டு எழுதாதே. அவள் எனக்காக நல்லதாகவே சொல்வாள். நீ எழுந்து அந்தப் பக்கம் போ. அவர் முகத்தைப் பார். நெற்றியில் கை வைத்துப் பார். என்ன கேட்க வேண்டுமோ அதை உன் வாயால் கேள், மார்ச்சில் கேட்காமல் ஓடியதையும் சேர்த்து. பிறகு கிளம்பி வா, நான் கதவைத் திறக்கிறேன்.

பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, வழக்கம் இல்லை என்பாய். அழைக்காமல் திரும்புவதும் எனக்கு வழக்கம் இல்லைதான். நான் அந்த வழக்கத்தை மீறி ஐந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். உன்னால் ஒரு கோரைப்பாயைத் தாண்டிப் போக முடியாதா?

தெக்பர்